மீதிப் பன்னிரண்டரைக் கிலோமீட்டர்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். முருகவேலுக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அன்றைய ஓட்டத்தைப் பற்றிக் கீழே வரும் நேரங்கள் எவையும் அவர் உத்தேசமாகச் சொன்னவை அல்ல. கையில் கட்டியிருந்த வாட்ச் குறித்து வைத்தவை. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அதுதான் சிக்கலே.

முருகவேலுக்கு வயது நாற்பத்தாறு. பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான்கு வருடங்களுக்கு முன்னால் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். நடை ஓட்டமானது. ஓட்டம் பைத்தியமானது. அந்தப் பக்கத்தில் ஓடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் போய்ச் சேர்ந்தார். முதலாளிகளும் ஆடிட்டர்களும் டாக்டர்களும் இருக்கிற குழு. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

ஜனவரி கடைசியில் மலைமேல் பன்னிரண்டு மணி நேர ஓட்டம். குழுவுக்கு ஒதுக்கியதில் ஓர் இடம் பாக்கி இருந்தது. அதைப் பெற விதி எளிது. ஐம்பது கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட வேண்டும். வாட்சின் ஜிபிஎஸ் பதிவு நடுவில் அறுந்துபோகாமல் முழுதாக இருக்க வேண்டும். டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குள் குழுவின் இணையப் பக்கத்தில் ஏற வேண்டும்.

அவர் ஐம்பது கிலோமீட்டரை அதற்குள் மூன்று முறை ஓடியிருந்தார். மூன்று முறையும் வாட்ச் பாதியில் செத்தது.

ஜிபிஎஸ் போட்டால் முப்பது மணி நேரம் தாங்கும் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. முதல் தடவை ஐந்து மணி பத்து நிமிடம் தாங்கியது. முப்பத்தோராவது கிலோமீட்டரில் திரை கறுத்தது. மீதிப் பத்தொன்பதையும் அவர் ஓடினார். ஓடி என்ன? பதிவில் முப்பத்தொன்றுதான் இருந்தது.

வாட்ச் கம்பெனிக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் பயன்பாட்டைப் பொறுத்துப் பேட்டரி நேரம் மாறுபடலாம் என்றார்கள். இதயத் துடிப்பைப் பார்க்கும் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார். திரை எப்போதும் எரிவதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். எல்லாச் செயற்கைக்கோள்களையும் தேடாமல் ஒரே வகையை மட்டும் தேடும்படி மாற்றச் சொன்னார்கள். அதையும் மாற்றினார். கடைசியில் வேறு வழியில்லாமல் வாட்சையே மாற்றிக் கொடுத்தார்கள். புது வாட்ச் முப்பத்துநான்காவது கிலோமீட்டரில் செத்தது.

மூன்றாம் முறை பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையில் போட்டு ஓடினார். அதில் ஜிபிஎஸ் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் கண்ணைத் திறந்து பார்க்கும். இடையில் நாம் எங்கே வளைந்தோம், எங்கே திரும்பினோம் என்று அதற்குத் தெரியாது. புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டுவிடும். வளைவுகள் எல்லாம் சுருங்கிப்போய், ஓடிய தூரத்தில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போனது. வாய்க்கால் கரையில் ஓடிய அவர், வரைபடத்தில் பல இடங்களில் தண்ணீருக்குள்ளேயே நடந்து போயிருந்தார். போதாக்குறைக்கு அதுவும் முழுதாகத் தாங்கவில்லை.

ஞாயிறுகளில் ஓடி முடித்ததும் குழுவினர் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். செயலாளர் மகுடேஸ்வரன் இரண்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு முதலாளி. யாரிடமும் மரியாதை குறையாமல்தான் பேசுவார். அந்த வரைபடத்தைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மாஸ்டர், தண்ணி மேலயும் ஓடுவீங்களாட்ட இருக்குது?"

"அது வாட்சு கோளாறுங்க."

"கட்டிங் டேபிள்ல துணியத்தானுங்க வெட்டோணும். கிலோமீட்டரையுமா வெட்டி ஒட்டறது?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது.

"நான் ஓடுனனுங்க" என்றார் முருகவேல்.

"ஓடலைன்னு ஆருங்க சொன்னாங்க? ஓடியிருப்பீங்க. ஆனா பதிவு வேணுமில்லீங்களா? நாளைக்கு இன்னொருத்தர் வந்து நானும் ஓடுனேன்னா என்ன பண்றதுங்க?"

இருபத்திரண்டு வருடத்தில் முருகவேல் வெட்டி எண்ணிக் கட்டிக் கொடுத்த துணிப் பண்டிலை யாரும் பிரித்து மறுபடி எண்ணியதில்லை. இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அப்ரோஸ்தான் அவருக்கு இந்த விஷயத்தில் மிஞ்சிய ஒரே துணை. இருபத்தேழு வயதுக்காரன். வாட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது மாஸ்டர். ஜிபிஎஸ்ஸப் போட்டு மொட்ட மாடியில வெச்சுப் பாத்தேன். இருவத்தொம்பது மணி நேரம் ஓடுச்சு. உங்க கைல ஏறுனாத்தான் அதுக்குக் கேடு."

"என்ற கைல என்னப்பா இருக்குது?"

"ரெண்டு ஆளுக்கு ஒழைக்கற மாதிரி இழுக்குதுங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்ரோஸ் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தான். காலருக்கு வெட்டும், இழுத்தால் நீளுகிற ரிப் துணியில் ஒரு துண்டை வளையமாகத் தைத்து, வியர்வைக்காக வாட்சின் மேல் மாட்டிக்கொண்டு ஓடுவது முருகவேலின் வழக்கம். நனைந்த துணி உரச உரச, யாரோ விரலால் தொடுவதாக நினைத்துத் திரை விழித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த இழுப்பு.

"ஓடறது நீங்க. தூங்காமக் கெடக்கறது அது" என்றான்.

முருகவேலுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் தலைவலியும் ஒரு முழத் துணியால்தான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ரிப் வளையத்தைக் குப்பையில் போட்டார்.

இருந்தாலும் வாட்சை நம்ப மனம் வரவில்லை. தன் கைக்கென்று ஓர் அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தார். கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்த அத்தாட்சி ஸ்டிக்கர்தான். மேசையில் துணியை நூறு அடுக்கு விரித்து வெட்டுவார்கள். ஓர் அடுக்குக்கும் இன்னொன்றுக்கும் சாயம் நூலிழை மாறியிருக்கும். அதனால் ஒரே அடுக்கில் வந்த முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் கைக்கும் ஒரே எண்ணை ஒட்டுவார்கள். எண் ஒன்றானால் உடம்பு ஒன்று. ஒற்றையாக ஓர் எண் கிடந்தால், அதன் ஜோடி எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். தேடி எடுக்காமல் பண்டில் கட்ட மாட்டார்கள்.

முருகவேல் ஸ்டிக்கர் மெஷினில் ஒன்று முதல் பத்து வரை அடித்துக்கொண்டார். ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு தடவை.

டிசம்பர் இருபத்தொன்று, ஞாயிறு. வாய்க்கால் பாலத்திலிருந்து கரையோரமாகவே இரண்டரைக் கிலோமீட்டர் போனால் மூடிக் கிடக்கும் ஒரு சாயப் பட்டறை. அதன் கேட் தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு சுற்று, ஐந்து கிலோமீட்டர். பத்துச் சுற்று ஐம்பது. தூணில் சுற்றுக்கு ஒரு ஸ்டிக்கர். பாலத்தில் அப்ரோஸ் ஸ்கூட்டியை நிறுத்தி, தண்ணீரும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முருகவேல் எங்கே போகிறார் என்பது அவன் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்.

காலை 5:30. பேட்டரி நூறு.

முதல் சுற்று 6:15-க்கு முடிந்தது. தொண்ணூற்றெட்டு. இரண்டாவது 7:00. தொண்ணூற்றைந்து. வெளிச்சம் வந்திருந்தது. தூரத்தில் தறிகளின் சடசடப்பு. மாடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவர், "இந்நேரத்துல ஆரு தொரத்தறாங்க உங்கள?" என்று கேட்டுச் சிரித்தார். முருகவேலும் சிரித்தார். மூன்றாவது 7:45. தொண்ணூற்றிரண்டு. மாதக்கணக்கில் இருந்த கோபம் வடிந்துகொண்டிருந்தது. ஒரு முழ ரிப் துணிக்காகவா இத்தனை அவமானம்?

நான்காவது சுற்றில் கேட்டை அடைந்தபோது மணி 8:08. தூணில் 4 ஒட்டினார். கையை எடுக்கும்போது கவனித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று.

மூன்றாம் எண் இரண்டு இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், விளிம்பு சேர்த்து, வெட்டிய துணியில் ஒட்டுவது போல நேராக.

மெஷின் இரட்டையாக அடித்துவிட்டது, தான்தான் கவனிக்காமல் சேர்த்து ஒட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். இடுப்புப் பையில் இருந்த பட்டையை எடுத்துப் பார்த்தார். 5, 6, 7, 8, 9, 10. எல்லாம் ஒற்றை. சரி, போகட்டும். நிற்க நேரமில்லை.

பாலத்துக்கு வந்தபோது 8:31. பேட்டரி எண்பது.

"பன்னெண்டு எறங்கிப் போச்சே!" என்று கத்தினார்.

"இருங்க சித்தெ." அப்ரோஸ் போனைப் பார்த்தான். "நீங்க இன்னும் இங்க வரவே இல்லீன்னு காட்டுது மாஸ்டர். நானூறு மீட்டர் பின்னால வந்துட்டிருக்கறீங்க."

"நெட்டு ஸ்லோவா இருக்கும்."

"அதான் இருக்கும். டவர் சிக்காமத் தேடித் தேடி பேட்டரியத் தின்னுது. போன்ல காட்டறத விட்டுருங்க. ஓடுங்க."

ஐந்தாவது சுற்று. கேட். 8:54. தூணில் நான்காம் எண் இரண்டு இருந்தது.

முருகவேலுக்கு ரத்தம் கொதித்தது. எவனோ விளையாடுகிறான். குழுவில் எவனாவது ஆள் வைத்துக் கிண்டல் செய்கிறானா? சுற்றிப் பார்த்தார். கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே இடுப்பளவு சீமைக்கருவேல். கரை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. மூன்றாம் எண்ணின் ஜோடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் கம்பெனியின் ஸ்டிக்கர்தான். அதே மஞ்சள். அவர் மெஷினில் ஓரத்தில் மை தேய்ந்து அடிக்கும் குறைகூட அப்படியே இருந்தது.

9:18. பாலம். அறுபத்து மூன்று.

"நீ வந்து ஒட்டுனயா?"

"என்னத்த?"

"ஸ்டிக்கர."

"மாஸ்டர், நான் ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கலீங்க."

"புள்ளி?"

"இருநூறு மீட்டர் பின்னால."

போன சுற்றில் நானூறு. இதில் இருநூறு. முருகவேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவர் மனம் முழுதும் அறுபத்து மூன்றில் இருந்தது. இன்னும் ஐந்து சுற்று. சுற்றுக்குப் பதினேழு போனால்? ஓடிக்கொண்டே கணக்குப் போட்டார். ஒன்பதாவது சுற்றில் செத்துவிடும். மறுபடியும்! நான்காவது முறையாக! வாட்சைக் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிடலாம் போல் இருந்தது.

அப்போது பழக்கத்தில் திரையைப் பார்த்தார். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதை அது காட்டும். அவருக்கு எப்போதும் நூற்றெழுபது.

முந்நூற்று நாற்பது என்று காட்டியது.

ஆறாவது சுற்று. கேட்டில் ஐந்துக்குப் பக்கத்தில் ஐந்து. 10:06-க்குப் பாலம். பேட்டரி நாற்பத்தாறு. புள்ளி நூறு மீட்டர் பின்னால்.

ஏழாவது சுற்று. ஆறுக்குப் பக்கத்தில் ஆறு. 10:55-க்குப் பாலம். இருபத்தொன்பது.

இந்த முறை அப்ரோஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவரைப் பார்க்காமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"புள்ளி?"

"இப்ப... சரியா இருக்குதுங்க. நீங்க நிக்கற எடத்துலயே நிக்குது."

"அப்பறம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. போதும் மாஸ்டர். வாங்க போலாம். வெயிலாயிருச்சு."

"முப்பத்தஞ்சு ஓடியாச்சு. இன்னும் பதினஞ்சுதான்."

"போச்சாது, உடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசமும் வெட்டி ஒட்டறான்னுதான் சொல்லுவாங்க."

ஓடினார்.

எட்டாவது சுற்று. நிழலே இல்லாத வெயில். வாய்க்காலில் தண்ணீர் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 11:10-க்குத் தறிச் சத்தம் நின்றது. கரண்ட் போயிருக்கும். அது நின்ற பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது.

தப்... தப்... தப்...

தன் காலடிதான். கப்பி மண்ணில் ஷூ விழும் சத்தம்.

ஒரு குழியைத் தாண்டுவதற்காக ஓரடி எட்டி வைத்தார். அவர் கால் காற்றில் இருந்தது.

தப்.

திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டினார். அதுவும் கூட்டியது. குறைத்தார். குறைத்தது. மூச்சு இரைத்தது. அவருக்கு மட்டும்தான் இரைத்தது. பின்னால் காலடி மட்டும்... மூச்சே இல்லாமல்...

11:21. கேட்.

இடுப்புப் பையிலிருந்து எட்டாம் ஸ்டிக்கரை உரித்தார். தூணை நோக்கிக் கையை நீட்டினார்.

நீட்டிய கை நின்றது.

ஏழுக்கு ஜோடி இருந்தது. அதற்குக் கீழே...

எட்டு.

அவர் இன்னும் ஒட்டவே இல்லை.

தூணில் இருந்த அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை இன்னும் சரியாக ஒட்டாமல் இருந்தது. காற்று இல்லை. அந்த மூலை மெதுவாகப் படிந்தது... யாரோ விரலால் அழுத்தியது போல.

கையில் வாட்ச் அதிர்ந்தது. மூன்று சதவீதம்.

இரண்டு.

ஒன்று.

திரை கறுத்தது.

11:22.

தப்... தப்... தப்...

இந்தத் தடவை சத்தம் பின்னால் இல்லை. முன்னால். பாலத்தை நோக்கி, கரையோடு, நிதானமாக, அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆள் இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று முருகவேலுக்குத் தெரியாது. அதைக் குறிக்க வாட்ச் உயிரோடு இல்லை. பிறகு கரையை விட்டிறங்கி, சோளக்காட்டு வழியாகத் தார்ச்சாலைக்கு வந்து, அங்கிருந்து அப்ரோஸை அழைத்தார். அவன் ஸ்கூட்டியில் வந்து ஏற்றிக்கொண்டான். 12:25-க்குக் கடையைத் திறந்து, செத்த வாட்சை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். சார்ஜ் போடவில்லை. அதைத் தொடவே அவனுக்குப் பிடிக்கவில்லை. அவர் வெளியேறும்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஏழாவது சுத்துல வந்தீங்களே... உங்க நெழலு பெருசா இருந்துச்சு மாஸ்டர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சாயங்காலம் 4:30-க்கு முருகவேல் திரும்ப வந்தார். முப்பத்தேழரைக் கிலோமீட்டர் பதிவையாவது இறக்கி வைப்போம் என்ற எரிச்சல்தான் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. டிராயரைத் திறந்தார்கள். வாட்ச் வைத்த இடத்திலேயே இருந்தது. சார்ஜரில் மாட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் திரை எரிந்தது. போனோடு தானாகவே இணைந்துகொண்டது.

ஓட்டம் சேமிக்கப்பட்டது. 50.00 கிலோமீட்டர். தொடங்கியது 5:30. முடிந்தது 1:11.

அப்ரோஸ் வரைபடத்தைத் திறந்தான். பத்துச் சுற்று. ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. 11:22-க்குக் கேட்டில் திரும்பி, பாலம், மறுபடி கேட், பாலம், கேட், பாலம். 12:25-க்கு வாட்ச் டிராயருக்குள் போன பிறகும் நாற்பத்தாறு நிமிடம் வாய்க்கால் கரையில் ஓடியிருந்தது.

4:52-க்கு மகுடேஸ்வரனிடமிருந்து அழைப்பு. பதிவு அதற்குள் குழுவின் பக்கத்தில் தானாகவே ஏறியிருந்தது.

"மாஸ்டர், கலக்கிட்டீங்க போங்க! கோடு சும்மா நூல் புடிச்ச மாதிரி இருக்குது. அன்னைக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. சீட்டு உங்களுக்குத்தான்."

முருகவேல் நாலு மாதம் காத்திருந்த வார்த்தை.

"அதுல கடைசிப் பன்னெண்டரைக் கிலோமீட்டர் நான் ஓடுனது இல்லீங்க."

"என்னுங்க?"

"நான் ஓடலீங்க. பாதியிலயே வந்துட்டனுங்க. அப்ரோசு சாட்சி."

மகுடேஸ்வரன் சிரித்தார். "பதிவு இல்லாதப்ப ஓடுனேன்னீங்க. பதிவு வந்ததுக்கப்புறம் ஓடலீங்கறீங்க. எங்களப் பழி வாங்கறீங்களாக்கு? அட, உடுங்க மாஸ்டர். பேரச் சேத்துட்டேன்."

வைத்துவிட்டார்.

வெளிச்சம் போவதற்குள் இருவரும் கேட்டுக்குப் போனார்கள். தூணில் 9 இருந்தது. 10 இருந்தது. முருகவேல் இடுப்புப் பையைத் திறந்தார். அவருடைய 9-ம் 10-ம் பட்டையில் உரிக்காமல் இருந்தன. எட்டும் அவர் பைக்குள்தான், விரல் ரேகையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தூணில் இருந்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் பக்கத்தில் காலி இடம். ஒரு ஸ்டிக்கர் அளவுக்கு, மூன்றுக்கும் சரியாக விட்டிருந்தது.

"ஒட்டிராதீங்க மாஸ்டர்" என்றான் அப்ரோஸ்.

அவர் ஒட்டவில்லை.

தனக்கு இடம் வேண்டாம் என்று குழுவுக்கு மூன்று முறை எழுதினார். தன்னடக்கம் என்று கைதட்டும் படங்கள் வந்தன. வாட்சை அப்ரோஸிடமே விட்டுவிட்டார். அவன் அதைப் பிரித்து, பேட்டரியைத் தனியாக எடுத்து வைத்தான். ஓடுவதையும் முருகவேல் நிறுத்தினார்.

ஜனவரி இருபத்தைந்து, ஞாயிறு. மலையில் ஓட்டம். அன்றைக்குக் கம்பெனியில் அவசர ஷிப்மெண்ட். காலை எட்டரையிலிருந்து முருகவேல் கட்டிங் மேசையை விட்டு நகரவில்லை. கூட வேலை செய்த எட்டுப் பேர் அதற்குச் சாட்சி.

இரவு 8:40-க்குப் போன் அடித்தது.

"ஊடு போயிச் சேந்துட்டீங்களா மாஸ்டர்?" மகுடேஸ்வரன்.

"கம்பெனியில இருக்கறனுங்க."

"நூறு கிலோமீட்டர் ஓடிப்போட்டுக் கம்பெனிக்கா? நல்ல ஆளுங்க நீங்க."

"நான் வரவே இல்லீங்களே..."

"ஆரம்பிச்சுட்டீங்களா? நாந்தானுங்க உங்களுக்கு மெடல் போட்டேன். சரியா பன்னெண்டு மணி நேரம். கழுத்துல கை பட்டுச்சு, ஐஸாட்டம் இருந்துச்சு. சொட்டு வேர்வை இல்லீங்க. வாட்சப் பாத்தா பேட்டரி நூறுல நிக்குது. எந்தக் கம்பெனி வாட்சுங்க அது? அதக் கேக்கத்தான் கூப்புட்டேன்."

முருகவேல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்... ஏதாச்சும் பேசுனனுங்களா?"

"என்னுங்க மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? ஒண்ணே ஒண்ணு சொன்னீங்க. இன்னொருத்தர் வரோணும்னீங்க. எல்லாரும் வந்தாச்சுங்கன்னேன். இல்லீங்க, ஒருத்தர் வரல, நானே போயிக் கூட்டியாறேன்னுட்டு மலையெறங்குற ரோட்டுல திரும்ப ஓட ஆரம்பிச்சுட்டீங்க. கார்ல ஏத்திக்கறேன்னு கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஆருங்க அது?"

"எத்தன மணிக்குங்க?"

"ஆறு பத்துக்கு."

அந்த இடத்திலிருந்து பல்லடம் எண்பத்தெட்டுக் கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்தில் நூறு ஓடுகிறவருக்கு எவ்வளவு ஆகும் என்று, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே முருகவேல் கணக்குப் போட்டார்.

விடியற்காலை நாலு நாற்பத்து நாலு.